வீட்டிலேயே விமானம் செய்வோர் கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது


டாக்டருக்கும் விமான வயரிங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு.

மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற பைலட், அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2017-ல் அதற்கு அரசுப் பதிவும் கிடைத்தது. நம்ம பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் ஆரம்பித்து, நம்ம ஊரப்பாக்கம் தாண்டி காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி ரோடு முழுக்க இன்ஜினியரிங் பசங்க. இன்னைக்கு ட்ரோன், நாளைக்கு விமானம்.

இன்ஜின் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. ரெண்டு வயர் சேரும் இடத்தைப் பத்திக் கேட்டா, "சால்டர் வெச்சுட்டா போதும்" என்பார்கள்.

போதாதுங்க.

சால்டர் உருகி வயரின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைக்க வைக்கும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் புள்ளியில்தான் இன்ஜின் அதிர்வு முழுக்க விழும். இழைகள் ஒவ்வொன்றா அறுந்து போகும். எலும்பு முறிவுக்கு பிளேட் வெச்ச இடம் தாங்கும். சில பேருக்கு பிளேட் முடியற ஓரத்துல மறுபடி உடையும். ஆர்த்தோ டாக்டர்களுக்கு இது பழகின கதை.

அதனால கிரிம்ப் டெர்மினல். செம்போடு மேல் உறையையும் சேர்த்துப் பிடிக்கும் வகையா வாங்குங்க. முழு அழுத்தம் கொடுக்காம வாய் திறக்காத ராட்செட் கிரிம்பர் வேணும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒண்ணு. கனெக்டர் தப்பா மாட்டவே முடியாததா இருக்கணும்.

மயக்க மருந்து மெஷினில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருக்கான ஊசிகள் 2, 5-ம் இடங்களில் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. மாத்தி வெச்சா உட்காரவே உட்காராது. ஆனா சிரிஞ்ச் முனை அப்படி இல்லை. ரத்தக் குழாய்க்கும் முதுகுத் தண்டு ஊசிக்கும் ஒரே முனை. நரம்பில் போட வேண்டிய வின்கிறிஸ்டின் என்ற கேன்சர் மருந்து தண்டுவடத்தில் ஏறி, பல நாடுகளில் நோயாளிகள் இறந்திருக்காங்க. இப்போ தண்டுவட ஊசிக்கு வேறு முனை என்று ஐ.எஸ்.ஓ தரமே வந்தாச்சு.

"கவனமா மாட்டினா போதாதா டாக்டர்?"

அந்த ஊசி போட்டவங்களும் கவனமானவங்கதான்.

ட்ரோன் பசங்களுக்கு மஞ்சள் எக்ஸ்டி60 தெரியும். ஒரு பக்கம் சரிவா இருப்பதால் பிளஸ் மைனஸ் மாறாது. விமான பேனலிலும் அதே புத்தி வேணும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு 9 பின் கனெக்டர் வைக்காதீங்க. ஒண்ணு 9, இன்னொண்ணு 15.

கிரிம்ப் செய்ததும் ஒவ்வொரு வயரையும் நல்லா இழுத்துப் பாருங்க. கையோட வந்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, தரையில இருக்கும்போதே வந்துடுச்சு.