பறைக்கு இடம் எங்கே?

"மேனாட்டுக் கிட்டாரோடு பறை சேரலாமா? சேர்ந்தால் இரண்டும் கெடாதா?" என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்கட்கு ஓர் இசைக்குழுவின் வரலாறே விடையாகும்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய குழு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பெயர் ஆங்கிலம், கருத்தோ அயோத்திதாசப் பண்டிதர் அன்றே எடுத்துரைத்த சாதியற்ற தமிழர் என்பது. 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடை. வடசென்னைக் கானாவும் ராக்கும் ராப்பும் அங்கே கலந்தன. பறையும் சட்டியும் கிட்டாரோடு சரிசமமாய் நின்றன. இட ஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாடுபொருளாயின. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

வேதியியல் பயில்வோர் அறிவர்: கலவையில் எப்பொருளும் தன் குணம் இழப்பதில்லை. பறையும் இழக்கவில்லை, மதிப்பே பெற்றது.

1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் மேடையில் தமிழுக்கு இடம் கேட்டது. நியாயமே! ஆனால், சாவு வீட்டோடு நிறுத்தப்பட்ட பறைக்கும் கானாவுக்கும் இடம் கிடைக்க எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று!

"கடல் தாண்டி வந்தோம், சாதியைக் கரையிலேயே விட்டுவிட்டோம்" என்று ஜங்லிகாட்டில் நாம் பெருமை பேசுகிறோம். மெய்யாயின், நம் சங்க விழாவில் பரதமும் திரையிசையும் மட்டுமே ஒலிப்பதேன்? நண்பர்களே, வரும் ஆண்டு விழாவைப் பறை முழங்கத் தொடங்குவோம். சாதியை விட்டுவிட்டோமா இல்லையா என்பது அன்று விளங்கிவிடும்.