எச்சரிக்கை தொழிலாளியைச் சேர வேண்டும்

பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில்கள் கோவையைக் கடந்ததும் மதுக்கரைப் பகுதிக் காட்டின் ஓரமாகச் செல்கின்றன. 2021 நவம்பரில் அந்தப் பாதையில் மூன்று யானைகள் ஒரே ரயிலில் அடிபட்டு மாண்டன. அதன்பின் தமிழக வனத்துறை விழித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களும் 24 காமிராக்களும் அங்கே செயல்படத் தொடங்கின. உடல் வெப்பத்தைக் கொண்டு இருளிலும் காணும் காமிராக்களும் அவற்றில் உண்டு. தெரிவது யானையா, மாடா, மனிதனா என்பதைச் செயற்கை நுண்ணறிவு பிரித்தறிகிறது. யானை தண்டவாளத்தை நெருங்குமுன் தகவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. வன ஊழியர்கள் விரைகின்றனர்; ரயில் ஓட்டுநரும் எச்சரிக்கப்படுகிறார். இது வரவேற்கத்தக்க முயற்சி.

நாட்டிலேயே காட்டு யானைகள் மிகுந்த மாநிலம் நாம் வாழும் கர்நாடகம். 2023 கணக்கெடுப்பில் இங்கு 6,395 யானைகள் என மதிப்பிடப்பட்டது. குடகு, ஹாசன், சிக்மகளூர் மாவட்டங்களின் காப்பித் தோட்டங்களுக்குள் யானைக் கூட்டங்கள் நாள் கணக்கில் தங்கிவிடுகின்றன. சில யானைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி, அவை நடமாடும் இடத்தை மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடும் உள்ளது. நாளை மதுக்கரையைப் போன்ற காமிராக்களும் இங்கு வரலாம். வரட்டும்.

ஆனால் ரயில் பாதை வேறு, தோட்டம் வேறு. ரயிலை நிறுத்த ஓர் ஓட்டுநருக்குச் சொன்னால் போதும். தோட்டத்திலோ, விடியற்காலைப் பனியில் வேலைக்கு நடக்கும் ஒவ்வொரு கூலியாளின் காதுக்கும் செய்தி எட்ட வேண்டும். அவர்களில் கணிசமானோர் தமிழர். அசாமிலிருந்து வந்தோரும் உண்டு. படிக்கத் தெரியாத மொழியில் வரும் குறுஞ்செய்தி, செல்போனில் கிடந்து என்ன பயன்? மேலாளரின் மேஜையோடு நின்றுவிடும் எச்சரிக்கை யாருடைய உயிரைக் காக்கும்?

வால்பாறை இதற்கு வழி காட்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பேசப்படாத நாளிலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி, முச்சந்தியில் சிவப்பு விளக்கு என்ற எளிய முறைகளால் அங்கு உயிரிழப்பு குறைந்தது. அந்த வெற்றிக்குக் காரணம் கருவியின் விலையன்று. செய்தி உரிய நேரத்தில் உரியவரைச் சேர்ந்ததுதான்.

ஆகவே கர்நாடக வனத்துறையை நாம் கேட்பது மிகையானதன்று. கன்னடத்தோடு தமிழிலும், பிற தொழிலாளரின் மொழிகளிலும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். எழுத்தறியாதவருக்குக் குரல் வழிச் செய்தி வேண்டும். யானை நிற்கும் இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தவும், அதற்காகக் கூலியைப் பிடிக்காதிருக்கவும் தோட்ட நிர்வாகங்கள் கட்டுப்பட வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்று அஞ்சுபவன், எச்சரிக்கையைக் கேட்டும் நடக்கவே செய்வான்.

நகரத்திலுள்ள தமிழ்ச் சங்கங்களும் இக்கோரிக்கையை அரசிடம் எடுத்துச் செல்லட்டும். யானை வருவதை இயந்திரம் அறிந்தால் மட்டும் போதாது. யானையின் எதிரே நடந்து செல்பவன் அறிய வேண்டும்.