அவ்வளவு கனம் எங்கே போய்விடும்?

போன வாரம் வில்லியனூர் சாலையில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு லாரி. அதன் மேல் ஒரு பொக்லைன். (பொக்லேன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். நாம் மண் தோண்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டோம்.) இரும்புத் தளத்தில் இரும்புச் சங்கிலிச் சக்கரம். அடியில் இரண்டு கருங்கல். பின்பக்கம் பெயருக்கு ஒரு நைலான் கயிறு. முகப்பில் மட்டும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் குறைவில்லாமல் தொங்கின.

லாரி டீக்கடையில் நின்றது. நானும் நின்றேன்.

"தம்பி, சங்கிலி போட்டுக் கட்டலியா?"

"இருபது டன்னு பெரியவரே. அவ்வளவு கனம் எங்க போயிடும்?"

இந்த ஒரு வாக்கியத்தை நான் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர் சொல்லியிருக்கிறார், மேஸ்திரி சொல்லியிருக்கிறார், படித்த பொறியாளரும் சொல்லியிருக்கிறார். இது தவறு. கொஞ்சம் தவறு அல்ல, முழுத் தவறு.

எங்கள் பள்ளியில் ஃபிசீக் பாடம் எடுத்த முசே, மேசை மேல் ஒரு புத்தகத்தை வைத்து மேசையைச் சாய்ப்பார். புத்தகம் ஒரு சாய்வில் வழுக்கும். அதன் மேல் இன்னும் இரண்டு புத்தகங்களை அடுக்கிவிட்டு மறுபடியும் சாய்ப்பார். அதே சாய்வில்தான் வழுக்கும். கனம் கூடினால் பிடிமானம் கூடும், தள்ளுகிற விசையும் அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிரேக் போட்டால் இரண்டு டன்னும் வழுக்கும், இருபது டன்னும் வழுக்கும். இருபது டன் வந்து இடித்தால் ஓட்டுநர் இருக்கும் கேபின் இருக்காது, அதுதான் வித்தியாசம். ஐரோப்பாவில் பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். இருபது டன்னுக்குப் பதினாறு டன். நைலான் கயிறு பதினாறு டன்னைப் பிடிக்குமா? அமெரிக்காவில் நாலரை டன்னுக்கு மேற்பட்ட இயந்திரத்தை நான்கு இடத்திலாவது கட்டியாக வேண்டும், தோண்டும் கையை இறக்கித் தனியாகக் கட்ட வேண்டும் என்பது விதி.

ஓட்டுநரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கையில் சங்கிலியைக் கொடுக்காதவர்களைப் பற்றி எழுதுகிறேன். அந்த வரிசையில் நானும் ஒருவன்.

1980களின் நடுவில் எங்கள் துறையில் ஒரு ஜெனரேட்டரை இடம் மாற்றினார்கள். எடை மூன்று டன். கொட்டகையின் கூரை தாழ்வு, கொக்கியை மேலே ஏற்ற வழியில்லை. அதனால் கம்பிக் கயிற்றைக் குட்டையாகப் போட்டார்கள். இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் இரண்டு டன் தாங்கும், ஆக நாலு டன், போதும் என்பது மேஸ்திரியின் கணக்கு. கேட்டால் சரிபோலத்தான் இருக்கும். கயிறுகள் நேராக நின்றால் ஆளுக்கு ஒன்றரை டன். படுக்கைக்கோட்டிலிருந்து அறுபது டிகிரியில் சாய்ந்தால் ஒன்றே முக்கால் டன் ஆகிறது. முப்பது டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு கயிறும் மூன்று டன், அதாவது முழுப் பாரத்தையும் தனித்தனியே இழுக்கிறது. அன்றைக்குக் கயிறு கிட்டத்தட்ட அப்படித்தான் படுத்திருந்தது. போதாததற்குப் பழைய கயிறு, இழைகள் அறுந்து முள் முள்ளாக நின்றன.

ஒரு கயிறு அறுந்தது. ஆடாமலிருக்க ஜெனரேட்டரைக் கையால் பிடித்துக்கொண்டிருந்த கலாசிக்கு வலது பாதம் போயிற்று. ஒப்பந்தக்காரரின் ஆள், முப்பது வயது இருக்கும்.

கோப்பு என் மேசைக்கு வந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று நான்தான் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். மேலே சொன்னபடி எழுதினேன் என்பது உண்மை. பள்ளியில் விசைகளின் இணைகரத்தைப் பிரெஞ்சில் பிழையில்லாமல் ஒப்பித்தவன் நான் என்பதும் உண்மை. கணக்கு எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அந்த வேலையின் எஸ்டிமேட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். தூக்குவது, ஏற்றுவது, கட்டுவது, கொண்டுபோவது, இறக்குவது எல்லாம் ஒரே வரி: "ஏற்று இறக்குக் கூலி உட்பட, மொத்தத் தொகை." இயந்திரத்தின் எடை எங்கும் இல்லை. கயிற்றின் வயது இல்லை. கட்டுவதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. பிரெஞ்சில் சரக்கை அசையாமல் அடுக்கி இறுக்குவதற்கென்றே 'அரிமாஜ்' என்று தனிச்சொல் உண்டு. அதைத் தனி வேலையாக எண்ணினார்கள், அதனால் சொல்லும் இருந்தது. நம் எஸ்டிமேட்டில் அது "உட்பட"வுக்குள் ஒளிந்துகொள்கிறது. குறைந்த தொகை கேட்டவருக்கே டெண்டர் என்றால், சங்கிலி வாங்குகிறவன் தோற்பான், வாங்காதவன் ஜெயிப்பான். பிறகு விபத்து நடந்தால் தலையெழுத்து என்போம்.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி தூக்கும் சங்கிலி, கயிறுகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியானவர் சோதிக்க வேண்டியிருந்தது, பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்குள். சாலையில் அதிக பாரம் ஏற்றினால் இருபதாயிரம் ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம். எடைமேடையில் எடை பார்க்கிறார்கள். சங்கிலியைக் கையால் இழுத்துப் பார்த்த ஓர் அதிகாரியை நான் இன்றுவரை கண்டதில்லை.

செலவு அதிகமாகும் என்பார்கள். எவ்வளவு? நான்கு சங்கிலி, நான்கு இறுக்கி, சக்கரத்துக்கு மரக்கட்டை, அரை மணி நேரம். அரசாங்கம் தன் டெண்டரில் "கட்டுதல்" என்று ஒரு தனி வரி சேர்த்து, அதற்குத் தனி விகிதம் போட்டு, எடையை எழுதி, கட்டி முடித்ததைப் பார்த்து ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தால் போதும். தனியார்கள் தானாகப் பின்னால் வருவார்கள். நான் ஓய்வு பெற்ற நாள்வரை அந்தப் படிவம் மாறவில்லை. மாற்றச் சொல்லி நானும் ஒரு குறிப்பு எழுதவில்லை.

இதில் பாதியையாவது அந்த லாரிக்காரத் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஓனர் கொடுத்தா போடுறோம் பெரியவரே" என்று சொல்லிவிட்டு, டீக்காசு கொடுத்துக் கிளம்பினார். நான் இன்னொரு டீ சொல்லி, அந்த லாரி கண்ணுக்கு மறைந்து கால் மணி நேரம் ஆன பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.