சோல் ரிங்: எல்லாரிட்டயும் இருந்தால் சமமா?

கமாண்டர் விளையாடுற ஆக்களிட்ட "சோல் ரிங் இந்த விளையாட்டுக்குக் கூடாது" எண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. "அது எல்லார்ர டெக்கிலயும் இருக்குத்தானே, பிறகென்ன?" எண்டுதான் பதில் வரும். எனக்குப் பிரச்சினை அந்தக் கார்டோட இருக்கிறதை விட, இந்தப் பதிலோடதான் கூட.

மஜிக் த கதரிங் தெரியாதவர்களுக்கு: இதில் எதைச் செய்யவும் மானா வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிலக் கார்ட்தான் இறக்கலாம், ஒரு நிலம் பொதுவாக ஒரு மானா தரும். அதனால் முதல் சுற்றில் 1, அடுத்ததில் 2, பிறகு 3 என்று படிப்படியாகத்தான் ஏறும். 1993இல் முதல் தொகுப்போடு வந்த சோல் ரிங் இந்தப் படிகளைத் தாண்டிவிடுகிறது. 1 மானா கொடுத்து இறக்கினால், அந்தச் சுற்றிலிருந்தே சுற்றுக்கு 2 நிறமற்ற மானா. போட்ட காசு இறக்கின கையோட இரட்டிப்பாத் திரும்பி வருது.

"சுற்றுக்கு 2" என்று மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சுற்றிலேயே விழுந்தால், ரிங்குக்குக் கொடுத்தது போக 2, 4, 5 என்று மூன்று சுற்றில் 11 மானா. பக்கத்தில் இருப்பவருக்கு 6. அவர் நான்காவது சுற்றில் செய்ய நினைத்ததை நீங்கள் இரண்டாவதிலேயே செய்துவிடுவீர்கள். அதே ரிங் எட்டாவது சுற்றில் கைக்கு வந்தால், அந்தச் சுற்றில் 8 மானா 9 ஆகும், அவ்வளவுதான்.

இதற்கு நியாயமான விலை எவ்வளவு என்று விசர்ட்ஸ் நிறுவனமே பிறகு காட்டியிருக்கிறது. 1998இல் வந்த வோர்ன் பவர்ஸ்டோனும் இதே 2 நிறமற்ற மானாதான் தரும். ஆனால் விலை 3. இறக்கின சுற்றில் பாவிக்கவும் ஏலாது.

சரி, எல்லாரிட்டயும் இருக்கு என்ற கதைக்கு வருவம். கமாண்டரைத் தனியே வைத்தால் டெக்கில் 99 கார்ட், அதில் சோல் ரிங் ஒன்றே ஒன்று. முதலில் எடுக்கும் 7 கார்டில் அது வர வாய்ப்பு சுமார் 7%. நாலு பேர் இருக்கும் மேசையில் யாராவது ஒருவர் கையிலாவது இருக்க வாய்ப்பு 25% அளவு. அதாவது நாலு ஆட்டத்துக்கு ஒன்று. டெக்கில் எல்லாரிட்டயும் இருக்கு, கையில் பெரும்பாலும் ஒருவரிடம்தான். எல்லாரும் லொத்தர் டிக்கெட் வாங்கினதால பரிசும் சமமாப் பிரிஞ்சிடுமோ?

"மற்ற மூண்டு பேரும் சேர்ந்து அவரை அடிப்பினம், சரியாயிடும்" என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அடிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? 1, 2 மானா. ரிங்கை உடைக்கிற கார்ட் கையில் இருந்தாலும், அதைச் செலவழிப்பவர் ஒருவர், லாபம் மூன்று பேருக்கும். அதனால் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த ரிங் வந்தது நேற்றுப் பழகின ஒரு புது ஆளுக்கு என்றால் இன்னும் மோசம். ஒன்றும் செய்யாமலே மூன்று பேரின் எதிரி.

2024 செப்டெம்பர் 23 அன்று கமாண்டரில் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டொக்சைட் எக்ஸ்டோர்ஷனிஸ்ட் எல்லாம் தடையாகின. ஆரம்பத்திலேயே ஒருவர் மானாவில் ஓடிவிடக்கூடாது என்பது முக்கிய காரணம். சோல் ரிங்குக்கும் அது அப்படியே பொருந்தும், ஆனால் அது இந்த விளையாட்டின் அடையாளம் என்று விட்டுவிட்டார்கள். (விதிக்குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல் வந்து, ஒரு கிழமைக்குள் பொறுப்பே விசர்ட்ஸிடம் போனது தனிக் கதை.) 2025 பெப்ரவரியில் வந்த 'கேம் சேஞ்சர்ஸ்' பட்டியலில் ஏன்ஷியன்ட் டூம் இருக்கிறது. அதுவும் 2 மானாதான், ஒவ்வொரு தடவையும் 2 உயிர்ப்புள்ளி வேற போகும். சோல் ரிங் அதிலும் இல்லை. இதில எங்க அளவு இருக்கு? வெறும் பழக்கம்.

ஒரு காரணத்தை மட்டும் ஏற்கிறேன். 2011இலிருந்து பெட்டியோடு விற்கும் கமாண்டர் டெக்குகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இது வருகிறது. தடை வந்தால், கடையில் வாங்கின பெட்டியை அப்படியே பிரித்து விளையாட முடியாமல் போகும். வீட்டு மேசைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நாலு பேரும் ஒத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கார்டை எடுத்து வைத்தால் போதும். என்ர டெக்கில் அந்த இடத்தில் இருப்பது மைண்ட் ஸ்டோன். 2 கொடுத்தால் சுற்றுக்கு 1 தரும், கடைசியில் தேவையில்லாவிட்டால் இன்னும் 1 மானாவோட அதையே பலி கொடுத்து ஒரு கார்ட் எடுக்கலாம்.