பொறிக்கும் புறனடை வேண்டும்

நூற்பா யாக்கும் ஆசிரியன் விதி கூறுவதோடு அமைவதில்லை. அவ்விதி செல்லாத இடத்தை எண்ணிப் புறனடையும் வகுப்பான். கணிப்பொறிக்குக் கட்டளை நிரல் எழுதுவோரும் இம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு.

தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2,000க்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் இடம்பெற்றுள்ளன. படமாக இருந்த பக்கங்களை எழுத்தாக்கியது பொறியே. கையால் எழுதப் புகுந்திருந்தால் ஒரு தலைமுறை கழிந்திருக்கும். பெரிய நூல்நிலையங்களுக்குத் தொலைவில், மாத்தளை மாவட்டத்து யட்டவத்த என்னும் ஊரில் வாழும் எமக்கும் எம் மாணாக்கர்க்கும் இது பெரும்பேறு. ஆதலின் பொறியை யான் பழித்தேனல்லேன்.

பிழை திருத்தும் பணியைத் தானியங்கியிடம் ஒப்படைக்கும்போதுதான் விழிப்பு வேண்டும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதிவிடுதல் பலர்க்கும் நேரும் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. தேடுவோர்க்குச் சொல் அகப்படாது. இதனைத் திருத்த, 'ஒற்றைக் கொம்பின்பின் ளகரம் வரின் ஔகாரமாக்குக' என்று மட்டும் விதித்தால் நேர்வது யாது? 'வெள்ளம்', 'தெளிவு', 'கெளுத்தி' முதலிய நல்ல சொற்களும் சிதையும். ஓர் எழுத்தர் ஒரு பக்கத்தில் இழைக்கும் பிழை, பொறியின் கையில் ஆயிரம் பக்கங்களில் பரவும். 'அந்த ளகரம் புள்ளியோ உயிர்க்குறியோ பெற்றிருப்பின் தொடற்க' என்னும் புறனடை சேர்ந்த பின்னரே அது விதியாகும்.

புறனடையாலும் தீராத இடங்கள் உள. 'கறுப்பு', 'கருப்பு' என்னும் இரண்டனுள் மூலநூலாசிரியர் எதனை எழுதினாரோ அதனையே காத்தல் வேண்டும். ஆங்குப் பொறி ஐயத்தைச் சுட்டலாம், தீர்ப்பு வழங்கலாகாது.

விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறமும், வேறொருவர் சரிபார்த்த பின் பச்சை நிறமும் பெறும். மாற்றம் ஒவ்வொன்றும் பதிவாகும். பழைய வடிவை மீட்கவும் இயலும். நல்ல ஏற்பாடே. எனினும், ஆயிரம் பக்கங்களைச் சிதைத்துப் பின் மீட்பதினும், பத்துப் பக்கங்களில் சோதித்துப் பின் விரித்தல் அறிவுடைமையன்றோ?

நிரல் எழுதும் இளைஞரைக் கண்டு பண்டிதர் ஒதுங்குதல் தகாது. தாம் கற்ற புறனடைகளை அவர்க்கு எடுத்துரைத்தல் நம் கடன். அக்கடனை ஆற்றினால், 'வெள்ளம்' எனத் தேடும் மாணாக்கனுக்கு வெள்ளமே கிடைக்கும்.