உமி தள்ள மட்டும் நாங்களா?

கொதிகலனைப் பெண் இயக்கக் கூடாது என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்தில் ஒரு வரி இருந்ததில்லை. 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த பாய்லர் அட்டெண்டென்ட் விதிகளிலும் கிடையாது. ஆங்கில மூலத்தில் விதி 'அவன்' என்றுதான் பேசுகிறது. ஆனால் சட்டங்களில் ஆண்பாலில் வரும் சொல் பெண்ணையும் சேர்த்தே குறிக்கும் என்று 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் சொல்லிவிட்டது. அப்புறம் ஏன் எங்கள் தாராபுரம், காங்கேயம் பக்கத்து ஆலைகள் எதிலும் ஒரு பெண்ணின் பெயரில் பாய்லர் சான்றிதழ் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை?

'பெண்கள் விண்ணப்பிப்பதில்லை' என்பார்கள். நான் விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருப்பவள். என்ன நடக்கிறது என்பதை உள்ளேயிருந்து சொல்கிறேன்.

ஆறு வருடமாக ஓர் அரிசி ஆலையில் வேலை செய்கிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து, நீராவியில் வேகவைத்து, களத்தில் காயவைக்க வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு உமி. முதல் இரண்டு வருடம் களத்தில் நெல் துழாவினேன். எங்கள் களத்தில் வெயிலில் கால் வேக நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் அருந்ததியர் தெருவிலிருந்து வருபவர்கள். அடுத்த நான்கு வருடம் பாய்லர் அறையில் உமி தள்ளினேன். சாம்பல் வாரினேன், கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்த்தேன், மணிக்கொரு தரம் அழுத்தத்தைக் குறித்தேன். சுவரில் தொங்கும் சான்றிதழ் ஓர் அண்ணனுடையது. அவர் இன்னொரு ஆலைக்கும் போய்வருகிறவர். அவர் இல்லாத நேரத்தில் பாய்லரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் நான்தான்.

சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில் இல்லாமல் கொதிகலனை இயக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சான்றிதழுக்கான தேர்வில் உட்கார, பாய்லரில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அனுபவத்தை எழுதித் தர வேண்டியவர் முதலாளி. இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. என் பெயருக்கு நேரே ஆலைக் கணக்கில் இருப்பது 'களத்து வேலை'. நான்கு வருட நெருப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. எழுதிக் கேட்டபோது வந்த பதில் இது: "ஏனம்மிணி, உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

"இப்ப ஆச்சுன்னா ஆருங்க பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

நெருப்புக்கு முன்னால் நிற்கும்போது நான் பெண்ணில்லை, ஆள். பேப்பர் கேட்கும்போது மட்டும் பெண். பாதுகாப்பு என்ற சொல்லை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே ஆலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்ணின் வேலை நேரத்தைக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் அடைத்தது. 22ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தைத் துடைக்கவும் எண்ணெய் விடவும் பெண்ணை அனுமதிக்கக் கூடாது என்றது. அதிலும்கூட கொதிகலனை இயக்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 66ஆம் பிரிவின் அந்த இரவுத் தடை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம், அவர்கள் சம்மதத்தோடு இரவிலும் அமர்த்தலாம் என்கிறது.

ஆனால் நம் கொங்கு நாட்டு நூற்பாலைகள் நீதிமன்றத்தையா கேட்டுக்கொண்டிருந்தன? சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, இரவு ஷிப்டிலும் நூல் முடிய வைத்த ஊர் இது. அப்போது இரவு யாருக்கும் ஆபத்தாகத் தெரியவில்லை. குறைந்த கூலிக்கு உழைத்தால் இரவு பாதுகாப்பானது. அதே பெண் சான்றிதழோடு, அதற்குரிய சம்பளத்தோடு நின்றால் இரவு ஆபத்தானது. இதற்குமேல் இந்த வாதத்தில் என்ன இருக்கிறது?

பாய்லர் ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அதை இரும்புக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நிலையத்தில் மே 7 அன்றுதான் ஒரு விபத்து நடந்திருந்தது. 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாகரில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகு, 'இனி ஆண்கள் பாய்லர் பக்கம் போகக் கூடாது' என்று எந்த முதலாளியாவது சொன்னாரா? சொல்லவும் கூடாது. பாய்லருக்கு வேண்டியது வேலை தெரிந்த ஆளும் ஒழுங்கான பராமரிப்பும்தான்.

என் படிப்பு நோட்டில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: கண்ணாடியில் நீர்மட்டம் தெரியவில்லை, என்ன செய்வாய்? முதலில் கண்ணாடிக் குழாயை ஊதிவிட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் மட்டம் தெரியாவிட்டால் உமியை நிறுத்து, ஃபேனை நிறுத்து, நெருப்பை அடக்கு. பதறிப்போய்ப் பம்பைப் போட்டுவிடக் கூடாது. காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்க வைக்கும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. மென்மையாக்காமல் விட்டால் குழாய்க்குள் சுண்ணாம்புபோலப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும். குழாய் வெந்து பிளக்கும். இதில் எந்த இடத்தில் மீசை தேவைப்படுகிறது?

இன்னொரு வகை ஆதரவும் எனக்கு வேண்டாம். 'பெண்களுக்கு ஆவி புதுசா, தினமும் இட்லி அவிக்கிறவர்கள்தானே' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. குக்கர் மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறதே, தண்ணீர் வற்றினால் உருகி ஆவியை வெளியே விடுமே, பாய்லரின் உருகு அடைப்பானும் அதே தத்துவம்தான். தத்துவம் ஒன்று என்பதால் சமையலறையைக் காட்டி எனக்குச் சான்றிதழ் தர வேண்டாம். படித்திருக்கிறேன், செய்திருக்கிறேன், கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற அ. லலிதாவின் சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு பேனாக் கோடு போதுமானதாக இருந்தது. இன்று எங்களுக்கு அந்த ஒரு கோட்டைப் போடத்தான் ஆளில்லை. இன்றும் ஆலையில் அந்த வேலைக்குப் பெயர் 'பயர்மேன்'.

ஆகவே நாம் கேட்க வேண்டியது சலுகை அல்ல. அனுபவத்தைச் சான்றளிக்கும் அதிகாரம் முதலாளி ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. பாய்லர் லாக் புத்தகத்தில் அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் பார்த்தவர் யாரோ அவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்; அதையே அனுபவச் சான்றாக ஏற்க வேண்டும். வருகைப் பதிவில் செய்யும் வேலையின் பெயர் எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி, சுவரில் தொங்கும் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல் அடுப்பு முன் நிற்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். தேர்வுப் பாடங்கள் நல்ல தமிழில் கிடைக்க வேண்டும். பாய்லர் அறைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். இது எதுவும் ஓர் ஆலையை மூடிவிடாது.

இப்போது நான் ஒரு நோட்டில் தேதி, நேரம், அழுத்தம், நீர்மட்டம் எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரைப் போடுகிறேன். களத்துப் பெண்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சட்டப்படி இது செல்லாது என்பார்கள். அப்படியானால் செல்லுபடியாகும் ஏட்டில் என் பெயரை எழுதுங்கள். அதுவரை உமி தள்ளுகிற ஒவ்வொரு பெண்ணும் இப்படியொரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.