முதல் வாத்தியம் வாய்தான்



விஜயதசமி நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “பிள்ளையை மிருதங்கத்தில் சேர்க்கப் போகிறோம். என்னென்ன வாங்க வேண்டும்?”

எங்கள் எதிர்வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. மகன் வகுப்பில் சேரும் முன்பே மிருதங்கம் வாங்கிவிட்டார். பையனுக்கு எட்டு வயது, வாத்தியம் 24 அங்குலம். வலப்பக்கத்து வலந்தலையில் கை வைத்தால் இடப்பக்கத்துத் தொப்பி எட்டவில்லை. அது பரண்மேல் போய்விட்டது.

அதனால் முதல் யோசனை: அவசரப்பட்டு வாங்காதீர்கள். வகுப்பில் ‘த தி தொம் நம்’ என்று வாயால் சொல்லி, தொடையில் தாளம் போடுவதில்தான் பாடம் தொடங்கும். நாக்கில் தடுமாறும் சொல் விரலில் ஒழுங்காக விழாது. சொற்கட்டுகளை எழுதிவைக்க ஒரு நோட்டு, சுருதிக்குக் கைப்பேசியில் ஒரு செயலி. முதல் சில வாரங்களுக்கு இது போதும்.

பிறகு வாங்கும்போது ஆசிரியரையும் உடன் அழைத்துப் போங்கள். உயர்ந்த சுருதிக்கு ஏறக்குறைய 22 அங்குலம், தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குலம் என்பது வழக்கம். சின்னக் கைகளுக்குக் குட்டையானதே வசதி. கட்டை பலாமரமாக இருக்கட்டும்; பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. பிள்ளைக்கு இடக்கைப் பழக்கமா? அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்ற முயலாதீர்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தே மேதையானவர்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. உட்காரப் பாய். வாத்தியம் அழுத்தாமல் இருக்கக் காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மடித்த துணி. தொப்பியில் ஒட்ட ஒரு பிடி ரவை. உப்புமா டப்பாவில் இருப்பதே போதும். தண்ணீர் விட்டுப் பதமாகப் பிசைந்து ஒட்டினால்தான் அந்தப் பக்கம் ‘தொம்’ என்று பேசும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும்; காயவிட்டால் தோல் கெடும். சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் கொஞ்ச காலம் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். தடித்த துணியில் ஓர் உறை தைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வாத்தியத்தை விட்டுவராதீர்கள்.

கடையில் கிடைக்காத ஒன்றும் உண்டு. மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு அடிக்கிறவரின் பட்டறைக்குப் பிள்ளையை ஒருமுறை கூட்டிப்போங்கள். தோலை இழுத்து வார் பிடிப்பதையும், கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து வலந்தலையின் கறுப்பு வட்டத்தை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவதையும் அவன் கண்ணால் பார்க்கட்டும். மேடையில் பெயர் சொல்லப்படாத இந்தக் கைகளைப் பற்றித்தான் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

எதிர்வீட்டுப் பையன் இப்போது 22 அங்குலத்தில் வாசிக்கிறான். மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் ‘தொம்’ வந்துசேர்கிறது. பழைய மிருதங்கம் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது, அவன் வளரட்டும் என்று.

அன்புடன்,
ஆசிரியர்